புறாமலைச் சுறாக்களும் ஒரு கொட்டகலை வாத்தியாரும்

புதன், காலை 5.10, கொட்டகலை

மழை. ஆகஸ்ட் மாதத்துக் கொட்டகலையைப் பற்றி எழுதும்போது மழையைச் சொல்வது வீண் வேலை. ஆனால் பின்னால் வந்த வினையெல்லாம் அன்றைய மழையில்தான் தொடங்கியது என்பதால் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. நான் தங்கியிருக்கும் பாடசாலை விடுதியிலிருந்து பெரிய வீதிக்கு வண்டிப் பாதை ஒரு மைல். தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதை கால் மைல். ஹட்டனில் ஆறேகாலுக்குக் கண்டி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். குடையையும் பையையும் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கிவிட்டேன்.

வாசலில் நின்று வழியனுப்பிய என் மனைவி ஸ்டெல்லா, கவனமாகப் போய்வாருங்கள் என்று சொல்லவில்லை. "போற எடத்துல கோவத்தக் காட்டாதீங்க. எந்தம்பி பொழப்பு இப்ப உங்க கையில இருக்கு" என்றாள்.

அவள் தம்பி சவரிமுத்து. பொல்பிட்டிய மின் நிலையத்துப் பக்கம் கூலி வேலை செய்தபோது அங்குள்ள ஆற்றில் தானாகவே நீந்தப் பழகியவன். மலையில் பிறந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் சாமி பெயர் வாயில் வரும். இவன் மட்டும் எப்படியோ மீனாய்ப் பிறந்துவிட்டான். எழுபத்தேழில் தமிழரை அடித்த கலவரத்துக்குப் பிறகு ஊரை விட்டுத் திருகோணமலைக்குப் போனவன், நிலாவெளியில் வெள்ளைக்காரர் ஒருவர் நடத்தும் கடல்மூழ்கு நிலையத்தில் இரண்டு வருடமாகக் காற்றுச் சிலிண்டர் சுமக்கிறான். இப்போது அந்த முதலாளி ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார். இதுவரை கடலில் மூழ்காத ஓர் ஆளை அவன் பழக்கி, புறாமலைத் தீவுக்கு அருகே சுறாக்கள் திரியும் இடத்துக்குக் கூட்டிப்போய், பத்திரமாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அப்படிச் செய்தால் அவன் வழிகாட்டி. இல்லாவிட்டால் பழையபடி சிலிண்டர். அந்த ஓர் ஆளாக வர ஊரில் யாரும் சம்மதிக்காததால், பள்ளி விடுமுறையில் சும்மா இருந்த நான் மாட்டிக்கொண்டேன்.

காலை 6.15, ஹட்டன்

பஸ்ஸில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினால் வலது குதிகாலுக்கு மேலே மூன்று அட்டைகள் இரத்தம் குடித்து நெல்லிக்காயாய் உருண்டு கிடந்தன. சுண்டி எறிந்துவிட்டு, பத்திரிகைத் தாளைக் கிழித்து எச்சில் தொட்டுக் கடிவாயில் ஒட்டினேன். பக்கத்து இருக்கைக்காரரும் தன் காலில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கினிகத்தேனையில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். பிளேன்டீ குடித்தேன், நன்றாக இருந்தது. கண்டி ஒன்பது நாற்பது. பத்தரைக்குத் திருகோணமலை பஸ். நூற்றுப் பதின்மூன்று மைல் என்று நடத்துனர் சொன்னார். தம்புள்ளையைத் தாண்டியதும் மழை நின்றது. ஹபரணையில் வெயில் முகத்தில் அறைந்தது. கம்பளிச் சட்டையோடு இருந்த ஒரே ஆள் நான்தான். பக்கத்தில் வந்து உட்கார்ந்த திருகோணமலை வியாபாரி ஒருவர் எங்கே பயணம் என்று விசாரித்தார். சுறா பார்க்க என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அதுக்கேன் தம்பி தண்ணிக்குள்ள போறீங்க? மாக்கெட்டுக்கு விடிய வந்தா வேண்டிய மட்டும் பாக்கலாந்தானே. அதுவும் வாயப் பொத்திக்கிட்டுக் கிடக்கும்."

சிரித்தேன். கந்தளாய் வரைக்கும் அந்தச் சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு, இன்னும் எத்தனை மைல் என்று எண்ணத் தொடங்கினேன்.

மாலை 4.50, திருகோணமலை

சவரி பஸ் நிலையத்தில் நின்றான். கறுத்து, தோள் அகன்று, வேறு ஆளாக இருந்தான். நிலாவெளிக்குப் பத்து மைல், இன்னொரு பஸ். வழியெல்லாம் அவன் பேசியது ஒரே விஷயம்: முதலாளி வால்டர் எவ்வளவு கண்டிப்பானவர் என்பது. அவரை இவன் 'தொரை' என்று கூப்பிடப் போய், தன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று அவர் மூன்று முறை கோபித்துக்கொண்டாராம். தொரை என்று சொல்லி வளர்ந்த நாக்கு எப்படி வால்டர் என்று சொல்லும்? கடைசியில் எப்படியும் கூப்பிடாமல், எதிரே போய் நின்று இருமுகிறானாம்.

வியாழன்

காலையும் மாலையும் இடுப்பளவுத் தண்ணீரில் பயிற்சி. முதுகில் சிலிண்டர், இடுப்பில் ஈயப் பட்டி, முகத்தில் கண்ணாடி முகமூடி, காலில் தவளைக்கால் போல ரப்பர்த் துடுப்பு. அதன் வார் குதிகாலுக்கு மேல் இறுக்கிப் பிடித்தது. வாயில் கடித்துக்கொள்ளும் குழாய் வழியே மூச்சு. கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் வால்டர். ஐம்பது வயது இருக்கும். வாய் திறக்கவில்லை, ஆனால் கண்ணை எடுக்கவும் இல்லை. பரீட்சை மேற்பார்வையாளர்கள் இவரிடம் பாடம் கேட்க வேண்டும்.

சவரி சொன்ன சட்டங்கள் பல. அவற்றில் இரண்டை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தான். மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது. என்ன நடந்தாலும் மேலே பாயக் கூடாது. ஆழத்தில் இழுத்த காற்று மேலே வர வர விரியுமாம். மூச்சை அடக்கிக்கொண்டு பாய்ந்தால் நெஞ்சுக்குள் நுரையீரல் கிழியுமாம்.

"சுறா ஒண்ணும் பண்ணாது மச்சான். ஆளு பயந்து மேல பாஞ்சாத்தான் சாவு. அத மட்டும் பண்ணிராதீங்க."

பண்ண மாட்டேன் என்றேன். பதினாலு வருட வாத்தியார் வேலையில் என்னிடம் அப்படிச் சொன்ன பிள்ளைகள் எத்தனை பேர் என்பது எனக்குத்தான் தெரியும்.

வெள்ளி, காலை 7.00

அட்டை கடித்த இடம் மூன்றாம் நாள்தான் உயிரை எடுக்கும். அரிப்பு தாங்காமல் விடியற்காலையில் பிராண்டிவிட்டேன். காய்ந்திருந்த பொருக்கு உதிர்ந்து கொஞ்சம் கசிந்தது. துண்டால் துடைத்தேன். சவரி பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"என்னா மச்சான், அட்டையும் டிக்கெட் எடுத்து வந்துருச்சா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஏழரைக்குப் படகு. ஓட்டியவர் நிலாவெளி மீனவர் காதர் நானா. வால்டரும் ஏறிக்கொண்டார், எங்களுக்குப் பின்னால் பத்தடி தள்ளி வருவாராம், தலையிட மாட்டாராம். நாங்கள் ஏறுவதற்கு முன் சவரி நிமிர்ந்து நின்று, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும் குரலில் அவர் முன்னாலேயே என்னைக் கேட்டான். சளி இருக்கிறதா, காதுவலி இருக்கிறதா, நேற்றுக் குடித்தேனா.

"காயம், புண்ணு ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல" என்றேன். பொய் சொல்லவில்லை. இதை வாசிக்கும் மலைநாட்டார் நம்புவார்கள், மற்றவர்கள் எப்படியோ தெரியாது. அட்டைக்கடி காயம் என்று என் மனதில் ஓடவே இல்லை. கேட்ட அவன் மனதிலும் ஓடவில்லை.

காலை 8.05, புறாமலைத் தீவின் வடபுறம்

கரையிலிருந்து முக்கால் மைல். நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். பத்தடியில் காது வலித்தது. சவரி மூக்கைப் பொத்தி ஊதச் சொல்லிக் காட்டினான், விட்டது. இருபதடி. முப்பதடி. வால்டர் கையில் கட்டியிருந்த ஆழமானி முப்பத்தைந்து அடி என்று காட்டியதாகப் பிறகு சொன்னார்கள். வெள்ளை மணல். ஒரு பக்கம் பவளப் பாறை. நிறமெல்லாம் நீலத்தில் கரைந்து போயிருந்தது. என் சிவப்பு நீச்சல் காற்சட்டை கூட அழுக்குப் பழுப்பாகத் தெரிந்தது. மணலில் மண்டியிட்டு, பாறையில் முதுகைச் சாய்த்துக்கொண்டோம்.

முதல் சுறா வந்ததை நான் பார்க்கவில்லை. சவரி என் தோளைத் தொட்டுக் காட்டினான். ஆளுயரம் இருக்கும். முதுகுச் செட்டையின் நுனி மட்டும் மையில் தோய்த்தது போல் கறுப்பு. நாற்பதடி தள்ளி எங்களைப் பொருட்படுத்தாமல் போனது. இன்னொன்று. பிறகு ஒன்று. இவ்வளவுதானா என்று நினைத்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அழகாக இருந்தது என்று கூட நினைத்தேன். ஸ்டெல்லாவிடம் சொல்லக் கதை கிடைத்துவிட்டது என்று நினைத்து, நலம் என்று சவரிக்குக் கை காட்டினேன். அவன் கண்ணாடிக்குள் கண் சிரித்தது.

அப்போதுதான் வலது குதிகாலில் வார் உரசுவது தெரிந்தது. குனிந்து பார்த்தேன். காலிலிருந்து நூல் மாதிரி ஏதோ மேலே எழுந்துகொண்டிருந்தது. பச்சையும் கறுப்பும் கலந்த நூல். முதலில் பாசி என்று நினைத்துக் கையால் விலக்கினேன். அது கலைந்து புகையாகி, மறுபடி காலிலிருந்தே கிளம்பியது. அந்த ஆழத்தில் சிவப்பு நிறமே கிடையாது என்பது நினைவுக்கு வர இரண்டு மூச்சு பிடித்தது.

நிமிர்ந்தேன். மூன்று சுறா ஐந்தாகியிருந்தது. வட்டம் சுருங்கியிருந்தது. அதில் ஒன்று நேராக வந்து, நீட்டினால் கை படும் தூரத்தில் திரும்பியது. அதன் கண்ணைப் பார்த்தேன். பூனைக் கண். அதில் கோபமும் இல்லை, பசியும் இல்லை, என்னைப் பற்றி எதுவுமே இல்லை. அதுதான் என்னை உடைத்தது.

மேலே பாய்ந்தேன். சட்டம், சத்தியம், ஸ்டெல்லா, எதுவும் நினைவில் இல்லை. மூச்சை இறுக அடக்கிக்கொண்டு, வெளிச்சம் ஒன்றே குறியாகக் காலை உதைத்தேன். நாலடி எழும்பியிருப்பேன். வலது காலைக் கவ்வி ஏதோ இழுத்தது.

போச்சு என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் சவரியின் கை. குதிகாலை முழுதாக மூடி, அட்டை கடித்த இடத்தின் மேலேயே அவன் உள்ளங்கை. அந்த ஒரே பிடி என்னையும் நிறுத்தியது, இரத்தத்தையும் நிறுத்தியது. இழுத்து மணலில் உட்கார வைத்தான். கையை எடுக்காமலே முகத்துக்கு நேரே முகம் வைத்தான். மற்றக் கையால் தன் வாய்க்குழாயைத் தட்டி, ஒரு விரல் காட்டினான்: மூச்சு விடு. விட்டேன். இரண்டாம் விரல். விட்டேன். பத்து வரைக்கும் எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான். என் பின்னால் என்ன சுற்றுகிறது என்று அவனுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. அவன் கண் ஒரு முறைகூட என்னை விட்டு அங்கே போகவில்லை. அதனால்தான் உயிரோடு இருக்கிறேன்.

பிறகு நங்கூரக் கயிறு. நான் மேலே, கீழே என் குதிகாலைப் பிடித்தபடி அவன். ஒரு முழம் ஏறி, மூன்று மூச்சு நின்று, அடுத்த முழம். இரண்டு சுறாக்கள் பாதித் தூரம் கூடவே வந்து, அலுத்துப் போனது போல் திரும்பின.

காலை 8.40, படகு

வால்டர் கடைசியாக ஏறினார். என் காலைத் தூக்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் இரத்தம் மறுபடி சிவப்பாக வழிந்தது. அட்டையைப் பற்றி ஆங்கிலத்தில் விளக்கினேன். குற்றம் என்னுடையது, அவன் கேட்டான், நான்தான் இல்லை என்றேன் என்றும் சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டுச் சவரியைப் பார்த்தார். தண்ணீரில் இறங்கும் முன் இதை நீ பார்த்தாயா என்று கேட்டார்.

இல்லை என்று ஒரு சொல் போதும். நான் மறுத்துப் பேசியிருக்க மாட்டேன், கர்த்தரும் மன்னித்திருப்பார். சவரி முதலில் தமிழில் சொன்னான், அவருக்கு விளங்காது என்று தெரிந்தும்.

"பாத்தேன். எங்க ஊருல அது காயம் இல்ல."

பிறகு தன் ஓட்டை ஆங்கிலத்தில் அதையே சொன்னான்.  வால்டர் சொன்னதன் சாரம் இது: அந்தச் சொட்டு இரத்தத்துக்காகச் சுறா உங்களைக் கடித்திருக்காது. ஆனால் இவர் மேலே பாய்ந்திருந்தால் நுரையீரல் கிழிந்திருக்கும். தண்ணீருக்குள் நீ செய்ததை என்னால்கூட அவ்வளவு நன்றாகச் செய்திருக்க முடியாது. கரையில் செய்ய வேண்டியதை நீ செய்யவில்லை. வழிகாட்டி என்பவன் வாயால் கேட்பவன் இல்லை, கண்ணால் தேடுபவன்.

பிறகு என் பக்கம் திரும்பி, இவனோடு இன்னொரு முறை இறங்குவீர்களா என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. ஈரக் காலின் கீழே பலகை ஆடியது, கடல் கறுப்பாக இருந்தது. பூனைக் கண்ணைத் தவிர வேறெதுவும் மனதில் இல்லை. சவரி சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, திரும்பிக்கொண்டு கயிறு சுருட்டத் தொடங்கினான். காதர் நானா இயந்திரத்தை முடுக்கினார்.

பிற்பகல் 2.00

 சவரி நிலையத்துக் கொட்டகைக்குப் பின்னால் சிலிண்டர்களை நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தான். அருகே போய் நின்றேன். "அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன் மச்சான். நாளைக்குக் காலையில பஸ்ஸு இருக்கு, நீங்க கெளம்புங்க" என்றான். குரலில் வருத்தம் கூட இல்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், ஆறியிருக்கும். பதில் தெரிந்தும் எழுந்து நின்று வாய் திறக்காத பிள்ளைகளை எத்தனை முறை பெஞ்சின் மேல் ஏற்றியிருக்கிறேன். அன்று என்னை ஏற்ற ஆளில்லை.

எனக்குக் கோபம் வந்தது. என் மேலேதான். அந்தக் கோபம் ஆறுவதற்குள் வால்டரின் அறைக்குப் போய், இறங்குவேன், அவனோடுதான் இறங்குவேன் என்று சொல்லிவிட்டேன். அவர் என் காலைக் காட்டினார். மூடட்டும், திங்கட்கிழமை பார்ப்போம் என்றார். இறங்கிய பிறகும் ஒரு நாள் சமதரையில் தங்கித்தான் மலை ஏற வேண்டும், உடலில் சேர்ந்த காற்று வெளியேற வேண்டும் என்றார். திங்கட்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. அதை அவரிடம் சொல்லவில்லை.

சனி, காலை 9.00, தபால் நிலையம்

அதிபருக்குத் தந்தி. 'காலில் காயம். புதன் வரை விடுப்பு வேண்டும்.' எழுதிவிட்டு அந்த முதல் வரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டைக்கடி என்று எழுதியிருந்தால் அவர் தந்தியை ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பார்.

திங்கள், காலை 7.20

பொருக்கு காய்ந்துவிட்டது. இரண்டு இரவு சரியாகத் தூங்கவில்லை. படகருகே மணலில் உட்கார வைத்து, சவரி என் முன்னால் மண்டியிட்டான். இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. வலது காலை எடுத்துத் தன் தொடையில் வைத்தான். விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தான். உள்ளங்கால், குதிகால், கணுக்கால். மூன்று பொருக்குகளையும் கட்டை விரலால் அழுத்தி, கசிகிறதா என்று பார்த்தான். கெண்டைக்காலில் நீளமான தழும்பைத் தொட்டு இது என்ன என்றான்.

"தேயிலைக் கவ்வாத்துக் கத்தி. பதினொரு வயசுல."

"வலிக்குதா?"

"இல்ல."

இடது கால். கை, முழங்கை, நகக்கண். அவசரமே இல்லை. முப்பத்தாறு வயதில் என் காலை ஒருவர் இவ்வளவு நேரம் கையில் வைத்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வைத்தியர் பார்ப்பார், வேலைக்குப் போகலாமா என்று. வலிக்கிறதா என்று பார்க்க மாட்டார். அங்கே இரத்தம் வழியாத கால் எது, அதைக் காயம் என்று சொல்ல எவனுக்கு வாய் வந்தது? எனக்கு அழுகை வந்தது. கண்ணாடியை அவசரமாக எடுத்து மாட்டிக்கொண்டேன்.

இறங்கினோம். அதே கயிறு, அதே மணல், அதே பாறை. பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. குழாயைப் பல் வலிக்கக் கடித்துக்கொண்டு இருபத்திரண்டு நிமிடம் இருந்தேன். ஆறு சுறாக்கள் வந்தன. ஒன்று பாறை ஓரமாக அருகில் வந்தபோது கால் தானாக உதைக்கப் பார்த்தது. சவரி ஒரு விரல் காட்டினான். மூச்சு விட்டேன்.

 கரை வந்ததும் வால்டர் கொட்டகையின் கரும்பலகையில் மறுநாள் காலைக்கு யாரோ ஒரு பிரெஞ்சுத் தம்பதியின் பெயரை எழுதி, அதற்கு எதிரே சவரி என்று எழுதினார். எழுத்துப் பிழையோடுதான். திருத்தும் எண்ணம் வரவில்லை.

செவ்வாய், காலை 8.10

திருகோணமலை பஸ் வீதியில் வந்து நின்றுவிட்டது. பையோடு ஓடி ஏறினேன். ஜன்னலோரம். தென்னை மரங்களுக்கு நடுவே கடற்கரையும் படகும் தெரிந்தன. பிரெஞ்சுக்காரி மணலில் உட்கார்ந்திருந்தாள். கணவன் சலிப்போடு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். சவரி மண்டியிட்டு, அவள் காலைத் தொடையில் வைத்து, விரல் விரலாகப் பிரித்துக்கொண்டிருந்தான்.

பஸ் புறப்பட்டது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அசைத்தேன். அவன் தலை நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் இறங்கிப் போய்த் திட்டியிருப்பேன்.